அன்று நான் பார்க்காத கை

நீங்கள் எல்லோரும் இன்னும் சில வாரங்களில் மாஜிஸ்திரேட்டாக உட்காரப்போகிறீர்கள். சட்டம் சொல்லித்தர என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள், புத்தகங்களும் இருக்கின்றன. நான் ஒரே ஒரு ரிமாண்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நான்கு நிமிடத்தில் முடித்த ரிமாண்ட் அது. அதற்காக அப்புறம் ஏழு வருடம் தவித்தேன்.

எண்பதுகளின் பிற்பாதி. தாம்பரத்தைச் சுற்றியிருக்கும் ஊர்களில் ஒன்றில் எனக்குப் போஸ்டிங். எந்தக் கோர்ட், எந்த ஸ்டேஷன் என்று கேட்காதீர்கள். அந்த வழக்கில் இருந்த சிலர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், பென்ஷன் வாங்குகிறார்கள். நானும் வாங்குகிறேன்.

வீடு சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. ஞாயிற்றுக்கிழமைகளில் கைது செய்தவர்களை வீட்டுக்குத்தான் கூட்டி வருவார்கள். வராந்தாவில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, அதுதான் என் ஞாயிறு கோர்ட். அந்த ஞாயிறு காலை பத்தரை மணிக்கு என் தங்கைக்குப் பல்லாவரத்தில் நிச்சயதார்த்தம். பட்டுப்புடவை கட்டியாகிவிட்டது. என் கணவர் தட்டு, பழம் எல்லாம் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து ஜீப் வந்து நின்றது.

ஒரு சப் இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள், நடுவில் ஒரு ஆள். முப்பது வயது இருக்கும். பெயர் தேவராஜ். போலீஸ் நீட்டிய காகிதத்தில், தொழில் என்ற இடத்தில் 'பெயிண்டர்' என்று எழுதியிருந்தது. சேலையூர் பக்கம் ஒரு புதுக் காலனி வீட்டில் பீரோவிலிருந்து நகை திருட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டான், நகை இன்னும் மீட்கப்படவில்லை, சனிக்கிழமை மாலை கைது என்றது காகிதம். தேவராஜின் வலது கையை மறைத்து ஒரு துண்டு போட்டிருந்தார்கள். விலங்கு வெளியில் தெரியாமல் இருக்கத் துண்டு போடுவது போலீஸ் வழக்கம்தான். விலங்கென்றே நினைத்தேன்.

"போலீஸ் அடிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா."

"ஏதாவது சொல்லணுமா?"

"இல்லம்மா."

தெருவில் ஆட்டோக்காரர் இன்ஜினை நிறுத்தவே இல்லை. அந்தச் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. கான்ஸ்டபிள் மை பேடைத் திறந்து தேவராஜின் இடது கையைப் பிடித்துக் கட்டைவிரல் ரேகையை வைத்தார். நான் எழுதினேன்: 'துன்புறுத்தல் பற்றிப் புகார் ஏதுமில்லை. உடலில் காயம் எதுவும் காணப்படவில்லை. பதினைந்து நாள் சிறைக்காவல்.' கையெழுத்துப் போட்டுவிட்டு, புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். நிச்சயதார்த்தத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம்.

மறுநாள் திங்கட்கிழமை. கோர்ட் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில், டவாலி பெயர் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நேராக முன்னால் வந்துவிட்டாள். டவாலி குறுக்கே கை நீட்டினார். கையைத் தள்ளிவிட்டாள்.

"அம்மா, எம் பேரு எஸ்தர். தேவராஜ் சம்சாரம். பல்லாவரத்துல தோல் கம்பெனில வேலை செய்றேன். வக்கீல் வெக்க வசதி இல்லம்மா."

"மனு எழுதிக் குடும்மா," என்றார் பெஞ்ச் கிளார்க். அவர் நல்ல மனிதர். ஒழுங்கு தப்பக்கூடாது என்று நினைப்பவர், அவ்வளவுதான்.

அவள் அவரைப் பார்க்கவே இல்லை. "அம்மா, எங்க வூட்டுக்காரரு கைநாட்டு வெச்சிருக்காருன்னு ஸ்டேஷன்ல சொல்றாங்கம்மா. அவரு இன்னாத்துக்கும்மா கைநாட்டு வெக்கணும்? அவரு தொழிலே எழுதறதும்மா. போர்டு எழுதறவரு. தாம்பரம் மார்க்கெட்ல பாதி கடை போர்டு அவரு எழுதனதுதாம்மா."

வழக்குக் கட்டை எடுத்துத் தரச் சொல்லி அந்தக் காகிதத்தைத் தேடினேன். பெயிண்டர். அதற்குக் கீழே நீலமாக ஒரு கட்டைவிரல் ரேகை. சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற ஆள் என்று நானாக முடிவு செய்துகொண்டிருக்கிறேன். எழுதியே பிழைக்கிற ஒருவரின் கைநாட்டுக்குப் பக்கத்தில் என் கையெழுத்து இருந்தது.

"எப்ப கூட்டிட்டுப் போனாங்க?"

"வியாழக்கிழமம்மா. மார்க்கெட்டாண்ட ஒரு கடைக்குப் போர்டு எழுதிகினு இருந்தாரு. ஏணிலேர்ந்து எறக்கிக் கூட்டிகினு போயிட்டாங்க. அந்த நகை போன வூட்டுக்கு அவருதாம்மா பேர்ப்பலகை எழுதிக் குடுத்தாரு. அதுக்கோசரம்தான் சந்தேகம்."

காகிதத்தில் சனிக்கிழமை மாலை. இவள் சொல்வது வியாழன். கைதானவரை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் நம் முன் கொண்டுவர வேண்டும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பெஞ்ச் கிளார்க் குனிந்து என் காதருகே சொன்னார்: "மத்தியானம் மூணு மணிக்கு இதே ஆளை கஸ்டடில கேட்டு போலீஸ் மனு இருக்கும்மா. நகையை மீட்கணுமாம். அஞ்சு நாள் கேட்டிருக்காங்க."

அப்போது மணி பதினொன்று. மூன்று மணிக்கு நான் 'சரி' என்று எழுதினால் தேவராஜ் மறுபடியும் அந்த ஸ்டேஷனுக்கே போவார். இவள் சொல்வது பொய்யாகவும் இருக்கலாம். கணவனை மீட்க எந்தப் பெண்ணும் எதையும் சொல்வாள் என்று நமக்கு ஒரு சந்தேகத்தைப் பழக்கிவிடுகிறார்கள். முறைப்படி வக்கீல் மூலம் மனு வரட்டும், மறுநாள் பார்க்கலாம் என்று சொன்னால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அந்த நினைப்பு எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் உங்களிடம் பொய் சொன்னதாகிவிடும்.

எஸ்தரைக் கூண்டில் ஏற்றிப் பிரமாணம் செய்யவைத்து, அவள் சொன்னதை நானே என் கையால் எழுதினேன். தேவராஜை இரண்டு மணிக்குள் கொண்டுவர சப் ஜெயிலுக்கு உத்தரவு அனுப்பினேன். சிறைக் காவலர்கள்தான் கூட்டி வர வேண்டும், ஸ்டேஷன் போலீஸ் கூட வரக்கூடாது என்று ஒரு வரி சேர்த்தேன். பெஞ்ச் கிளார்க் அந்த வரியைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

இடைவேளையில் இன்ஸ்பெக்டர் சேம்பர் வாசலில் வந்து நின்றார். அவர் கத்துகிற ஆள் இல்லை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, மிகவும் மரியாதையாகத்தான் பேசினார்.

"மேடம், அந்தப் பொம்பளை கோர்ட்ல சீன் போட்டாளாம், கேள்விப்பட்டேன்."

"கஸ்டடி மனு மூணு மணிக்கு. அப்ப ஓப்பன் கோர்ட்ல பேசுங்க."

"அதில்ல மேடம். நேத்து நீங்களே கேட்டு, நீங்களே 'நோ கம்ப்ளைன்ட்'னு எழுதியிருக்கீங்க. இன்னிக்கு மாத்தினா எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நாங்க எத்தனையோ என்கொயரி பார்த்தவங்க. உங்களுக்குத்தான் பேஜார். சர்வீஸ்ல இப்பத்தான் வந்திருக்கீங்க."

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. அவர் போன பிறகு சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன், மூடிவிட்டேன். காயம் இருந்தால் என் உத்தரவு தவறு. இல்லையென்றால் ஒரு பெண்ணின் அழுகைக்கு மயங்கிய மாஜிஸ்திரேட் என்று பெயர். காயம் இருக்கக்கூடாதே என்று ஒரு கணம் வேண்டிக்கொண்டேன். அந்த வேண்டுதல் தேவராஜுக்காகவா எனக்காகவா என்று அப்போது யோசிக்கத் துணியவில்லை.

இரண்டே காலுக்குக் கொண்டுவந்தார்கள். சேம்பருக்கு அழைத்துவரச் சொன்னேன். சிறைக் காவலர்களை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சப் இன்ஸ்பெக்டர் மரத்தடியில் நின்று சேம்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். டவாலியை அனுப்பி அவரைக் காம்பவுண்டுக்கு வெளியே போகச் சொன்னேன். ஜன்னல் கதவைச் சாத்தினேன். உள்ளே நான், பெஞ்ச் கிளார்க், தேவராஜ் மட்டும்.

"உக்காருங்க."

உட்காரவில்லை.

"இங்க போலீஸ் யாரும் இல்ல. என்ன நடந்ததுன்னு சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லம்மா."

"உங்க சம்சாரம் காலைல வந்து சொன்னாங்க."

அவர் முகம் மாறியது. நிம்மதியல்ல, பயம். "அவ இன்னாத்துக்கும்மா இங்க வந்தா? அவளையும் தூக்கிடுவாங்கம்மா."

சுவர்க் கடிகாரத்தில் இரண்டு முப்பத்தைந்து. மூன்று மணிக்குக் கஸ்டடி மனு. இன்னொரு தடவை கேட்டேன். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

"நேத்தும் இதையேதாம்மா கேட்டீங்க. அந்த எஸ்.ஐ. என் தோளாண்ட நின்னுகினு இருந்தாரு. நீங்க அவரை அப்பால போன்னு சொல்லல. இப்ப நான் சொல்றேன், நீங்க எழுதறீங்க. அப்புறம் வூட்டுக்குப் போயிடுவீங்க. நான் எங்கம்மா போறது?"

சட்டம் உங்களைக் காப்பாற்றும் என்று சொல்ல வாய் வரவில்லை. நேற்று என் வராந்தாவில் அந்தச் சட்டம் என்ன செய்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றேன். "கையை மட்டும் மேஜை மேல வைங்க."

ரொம்ப நேரம் நின்றார். பிறகு துண்டை எடுத்தார்.

விலங்கு இல்லை. மணிக்கட்டிலிருந்து விரல் நுனிவரை வீங்கி, தோல் மினுமினுத்தது. நடுவிரலும் மோதிர விரலும் வேறு வேறு பக்கம் பார்த்தன. பெஞ்ச் கிளார்க், முப்பது வருட சர்வீஸ்காரர், "முருகா" என்று முணுமுணுத்தார்.

அதற்குப் பிறகு தேவராஜ் சொன்னார். வியாழக்கிழமை சாயங்காலத்திலிருந்து சொன்னார். எந்த அறை, யார் பிடித்தார்கள், யார் அடித்தார்கள், இன்ஸ்பெக்டர் எத்தனை தடவை வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போனார். "நான் சைன் போடத் தெரிஞ்சவன் சார்னு எஸ்.ஐ.கிட்ட சொன்னேம்மா. 'இனிமே எப்படிப் போடற பாக்கறேன்'னாரு." அந்த வாக்கியத்தை அவர் சொன்னபடியே எழுதினேன். நீங்களும் அப்படியே எழுதுங்கள். நம் கோர்ட் தமிழில் மாற்றினால் அதன் உயிர் போய்விடும்.

பிறகு உத்தரவைச் சொல்லச் சொல்லப் பெஞ்ச் கிளார்க் டைப் அடித்தார். கஸ்டடி மனு தள்ளுபடி. உடனே மருத்துவப் பரிசோதனை, எக்ஸ்ரே. ஜாமீன். சம்பவத்தை மேல்கோர்ட்டின் கவனத்துக்குக் கொண்டுபோகிறேன் என்பது. கடைசியில் சொன்னேன்: "நேற்று இவரை என் முன் ஆஜர்படுத்தியபோது இவருடைய வலது கையை நான் பார்க்கவில்லை. காயம் காணப்படவில்லை என்று நான் எழுதியது பரிசோதித்து எழுதியதல்ல."

டைப்ரைட்டர் நின்றது.

"அம்மா, அந்த வரி வேணுமா? 'நேற்று கவனத்துக்கு வரவில்லை'ன்னு போட்டா போதுமே. அதுவும் உண்மைதானே?"

என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஒரு நிமிடம் நானும் தயங்கினேன். 'கவனத்துக்கு வரவில்லை' என்றால் தவறு யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

"நான் சொன்னபடியே அடிங்க சார்," என்றேன்.

டாக்டர் நேர்மையாக எழுதினார். மூன்று எலும்பு முறிவு, நான்கு நாள் பழையது. நான்கு நாள் என்றால் வியாழக்கிழமை.

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. தினமும் காலையில் நான் ஸ்டேஷனுக்கு நடந்துபோகும் நேரத்துக்கு எங்கள் தெருமுனையில் ஒரு ஜீப் நிற்கும். ரயில்வே ஸ்டேஷனைச் சொல்கிறேன். உள்ளே இருக்கிறவர் எனக்கு சல்யூட் அடிப்பார். அவ்வளவுதான். அந்த சல்யூட்டுக்குப் பயந்து என் கணவர் எங்கள் பெண்ணை அவரே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக ஆரம்பித்தார். ஒரு நாள் ஷூவுக்கு பாலிஷ் போட்டுக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "நீ எழுதினது சரிதான். எத்தனை நாளைக்கு இது?" எனக்குத் தெரியவில்லை என்றேன்.

மொட்டைக் கடிதங்கள் போயின. திருடர்களுக்கு ஜாமீன் தருகிறேன், பாரபட்சமாக நடக்கிறேன் என்று. மேலிடத்திலிருந்து என்னிடம் விளக்கம் கேட்டார்கள். என் வேலையைப் பற்றி மேலிடம் எழுதும் அந்த வருட ரகசிய அறிக்கையில் 'அவசரப்படுபவர்' என்று ஒரு வார்த்தை ஏறியது. அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. அவசரப்பட்டது உண்மை, ஆனால் அவர்கள் நினைத்த நாளில் இல்லை.

அந்த நாட்களில் ஒரு மாலை, தாம்பரம் மார்க்கெட் வழியாகப் போகும்போது பஸ் நெரிசலில் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், ஒரு கடையின் மேலே பாதி எழுதிய போர்டு. சிவப்பில் மூன்று எழுத்து, அதற்கப்புறம் சாக்பீஸ் கோடு மட்டும். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. ஏணியிலிருந்து இறக்கிக் கூட்டிப்போனார்கள் என்று எஸ்தர் சொன்ன கடை அதுதான். எழுந்து படிக்கட்டுவரை வந்துவிட்டேன். இறங்கி, கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: எந்தக் கிழமை? கால் கீழே வைக்கப்போனது. பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். நான் போய்க் கேட்டால் அந்தச் சாட்சி என் சாட்சியாகிவிடும். மாஜிஸ்திரேட்டே ஆள் தயார் செய்தார் என்று சொல்லி மொத்த வழக்கையும் கவிழ்த்துவிடுவார்கள். பஸ் நகர்ந்தது. நியாயம் கண்ணெதிரே தொங்கும்போது கையை நீட்டாமல் இருப்பதும் நம் வேலையில் சேர்த்தி. அந்தக் கடைக்காரரைப் பிறகு விசாரணைக்கு வந்த அதிகாரியே கண்டுபிடித்தார். அவர் பயந்துகொண்டேதான் சொன்னார், ஆனால் வியாழன் என்று சொன்னார்.

சப் இன்ஸ்பெக்டர், இரண்டு கான்ஸ்டபிள், இன்ஸ்பெக்டர் என நான்கு பேர் மீதும் வழக்குப் பதிவாகி, அது விசாரணைக்கு வருவதற்குள் நான் இரண்டு ஊர் மாற்றலாகிவிட்டேன். தொண்ணூறுகள் பிறந்துவிட்டன. ஒரு நாள் அரசு வக்கீலிடமிருந்து கடிதம்: நான் சாட்சி சொல்ல வர முடியுமா?

எனக்கு மேலே இருந்த நீதிபதி ஒருவரிடம் போய்க் கேட்டேன். உத்தரவு எழுதுவது எப்படி என்று எனக்குச் சொல்லித்தந்தவரே அவர்தான். ஒரு வாக்கியத்தில் இரண்டு விஷயம் எழுதாதே என்பார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

"போக வேண்டியதில்லைம்மா," என்றார். "மேல்கோர்ட் உத்தரவு இல்லாம, தன் கோர்ட்ல நடந்ததைப் பத்தி ஒரு ஜட்ஜை சாட்சி சொல்ல யாரும் வற்புறுத்த முடியாது. அந்தப் பாதுகாப்பு எதுக்கு இருக்கு? உன்னைக் கூண்டுல ஏத்தி எதிர்த்தரப்பு வக்கீல் கிழிகிழின்னு கிழிப்பார். அது உனக்கு மட்டும் அவமானம் இல்லை, நம்ம எல்லாருக்கும்தான்."

"நான் போகலேன்னா என் ஞாயிற்றுக்கிழமை உத்தரவு மட்டும் தனியா நிக்கும் சார். காயம் இல்லைன்னு ஜட்ஜே எழுதியிருக்காங்கன்னு அதை வெச்சே நாலு பேரையும் விட்டுடுவாங்க."

"விடலாம். விடாமலும் இருக்கலாம். நீ போனாலும் அதேதான்."

அவர் சொன்னது தப்பில்லை. அனுமதி கேட்டு எழுதினேன். கிடைத்தது. சாட்சி சொல்லும் நாள் வந்தது. ஏழெட்டு வருடமாகக் கூண்டுக்கு மேலே உட்கார்ந்து பார்த்தவளுக்கு, கூண்டுக்குள் நின்றால் எல்லோரும் எவ்வளவு உயரமாகத் தெரிகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

எதிர்த்தரப்பு வக்கீல் என் பழைய உத்தரவை என் கையிலேயே கொடுத்தார்.

"இது உங்க கையெழுத்துதானேம்மா?"

"ஆமாம்."

"ரெண்டாவது வரியைப் படிங்க."

"'உடலில் காயம் எதுவும் காணப்படவில்லை.'"

"இது உண்மையா, பொய்யா? ஒரே வார்த்தையில சொல்லுங்க."

"ஒரே வார்த்தையில சொல்ல முடியாது. நான் பார்க்கலை. பார்த்துட்டு இல்லைன்னு சொல்ற மாதிரி எழுதினேன்."

"அப்படின்னா பொய்."

மேலே உட்கார்ந்திருந்த மாஜிஸ்திரேட் என்னைவிடச் சின்னவர். அவர் பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம்," என்றேன். "அந்த வரி பொய்."

"அடிச்சாங்களான்னு நீங்க கேட்டப்ப அவர் இல்லைன்னு சொன்னார். அதுவும் பொய்யா?"

"அடிச்சதா அவர் சொல்ற சப் இன்ஸ்பெக்டர் அப்ப அவர் தோளை ஒட்டி நின்னார். நான் நகரச் சொல்லலை. வேற பதிலே வராத மாதிரி நான்தான் கேட்டேன்."

"ஒரு நீதிபதி இப்படியா நடந்துப்பாங்க?"

"அன்னிக்கு நான் அப்படித்தான் நடந்துகிட்டேன்."

அவர் இன்னும் அரை மணி நேரம் கேட்டார். ஆனால் ஒப்புக்கொண்டுவிட்ட ஆளிடம் கேட்பதற்கு அதிகம் இருக்காது என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன்.

தீர்ப்பு நாளன்று லீவு போட்டுவிட்டுப் போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தேன். சப் இன்ஸ்பெக்டருக்கும் ஒரு கான்ஸ்டபிளுக்கும் சிறைத் தண்டனை. இன்னொரு கான்ஸ்டபிள் சந்தேகத்தின் பலனில் விடுதலை. இன்ஸ்பெக்டர் வாசலில் வந்து பார்த்துவிட்டுப் போனதற்கு தேவராஜைத் தவிர வேறு சாட்சி இல்லை, அவரும் விடுதலை. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கடந்து போகும்போது தலையசைத்தார். அப்பீல் எல்லாம் அதற்குப் பிறகு. சிறைத் தண்டனை பாதியாகக் குறைந்து நின்றது.

வெளியே வேப்பமரத்தடியில் தேவராஜும் எஸ்தரும் நின்றிருந்தார்கள். அவருக்கு முன்தலை நரைத்திருந்தது. வலது கையில் இரண்டு விரல் மடங்குவதில்லை. மற்ற மூன்று விரலில் பிரஷ்ஷைப் பிடித்துக் கடை போர்டு எழுதிக்கொண்டுதான் இருந்தார், முன்னைவிட மெதுவாக. என்னைப் பார்த்ததும் வந்தார். ஜெயித்த ஆள் மாதிரி தெரியவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். தீர்ப்புல நான் திருடலைன்னு எழுதிக்கீதாம்மா?"

எனக்கு முதலில் புரியவில்லை. "இது உங்களை அடிச்சதுக்கான வழக்கு. திருட்டு இதுல வராது."

"அதான் வக்கீலும் சொன்னாரு. கடைக்காரங்க கூப்புடறாங்கம்மா, அது பரவால்ல. வூட்டுக்குப் பேர்ப்பலகை எழுத மட்டும் யாரும் கூப்புட மாட்றாங்க. கேட்டுகிட்ட நிக்க வெச்சே பேசி அனுப்பிடறாங்க. ஏழு வருசமாச்சு. அடிச்சாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். 'திருடனத்தானே அடிச்சாங்க'ன்றாங்க."

எஸ்தர் சொன்னாள்: "அந்தத் திருட்டுக் கேஸ் பேப்பர்ல எங்கியாச்சும் இருந்தாக்கூட போதும்மா. லேமினேட் பண்ணி வெச்சுக்கலாம்."

அந்த நகை யார் எடுத்தார்கள் என்று கடைசிவரை தெரியவில்லை. 'கண்டுபிடிக்க இயலாத வழக்கு' என்று போலீஸ் ஒரு அறிக்கை போட்டு மூடிவிட்டது. அதில் சந்தேகிக்கப்பட்டவர் என்ற இடத்தில் தேவராஜ் பெயர் அப்படியே இருக்கும். அதை ஏற்கும்போது மாஜிஸ்திரேட் ஒரு வரி சேர்த்திருக்கலாம்: இவருக்கு எதிராக எந்த ஆதாரமும் இல்லை. யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். ஒரு நிமிட வேலை. இதை அவர்களிடம் சொன்னேன்.

"அந்த அறிக்கையை யாரும்மா பார்த்தாங்க?" என்று தேவராஜ் கேட்டார்.

எனக்கு மாற்றல் உத்தரவு வந்த வாரத்தில்தான் அந்த அறிக்கை வந்தது. மேஜை மேல் முடிக்க வேண்டிய கட்டுகள் குவிந்திருந்தன. 'ஏற்கப்பட்டது' என்ற முத்திரையைக் குத்திக் குத்திக் கீழே கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன். அதில் அவர் பெயர் இருந்ததைப் படித்தேனா என்றுகூட நினைவில்லை.

"நான்தான்," என்றேன்.

அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பும் ஆள் கேட்பது போலக் கேட்டார்:

"அன்னிக்கும் உங்களுக்கு டைம் இல்லியாம்மா?"

எஸ்தர் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "வாய்யா, பஸ் வந்துடும்," என்றாள். இருவரும் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டு ரோட்டைக் கடந்து போனார்கள். நான் மரத்தடியில் நின்றேன்.

கூண்டில் நின்று ஊரறிய ஒப்புக்கொண்டதில் எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமை இருந்தது. அதை மறைக்க மாட்டேன். தேவராஜுக்கு அந்தப் பெருமையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒரு வரி. அதை எழுதுகிற அதிகாரம் என்னிடம் இருந்த நாளில் எனக்கு அது தோன்றவே இல்லை. தோன்றியபோது அதிகாரம் இல்லை. பிறகு அந்தக் கோர்ட்டில் இருந்தவருக்கு எழுதிப் பார்த்தேன். முடிந்துபோன கட்டைத் திறக்க வழியில்லை என்று பதில் வந்தது.

உங்கள் மேஜைக்கும் அப்படிப்பட்ட கட்டுகள் வரும். மெல்லியதாக, அவசரமில்லாததாக, சாயங்காலம் ஐந்து மணிக்கு, மற்ற எல்லாவற்றுக்கும் அடியில். முத்திரையைக் கையில் எடுப்பதற்கு முன்னால், உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.